மீனுக்கு வெளிச்சம், நமக்கு இருட்டு: வாசகர் கேள்வி பதில்

வீட்டு மீன் தொட்டியை போட்டோ எடுக்கறது பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன மாசம் கேட்டிருந்தோம், வந்து குவிஞ்சிடுச்சு. ஒரே கேள்வியை நிறைய பேர் கேட்டிருந்தா அதுல ஒண்ணை மட்டும் எடுத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க ஹால்ல மூணடி தொட்டி இருக்கு சார். போன்ல எடுத்தா மீனைவிட நானும் டியூப்லைட்டும் பின்னாடி ஓடுற டிவியும்தான் தெளிவா விழறோம். இதுக்கு ஏதாவது ஃபில்டர் வாங்கணுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: எதுவும் வாங்க வேணாம்மா, சுவிட்சை அணைங்க. கண்ணாடி மேல விழற வெளிச்சத்துல நூத்துக்கு நாலு பங்கு அப்படியே நம்ம பக்கம் திரும்பி வரும், எவ்ளோ துடைச்சாலும் அது போகாது. வெறும் நாலு பங்குதானேன்னு தோணும், ஆனா ஹால் பூரா வெளிச்சம், தொட்டிக்குள்ள ஒரே ஒரு சின்ன லைட்டுன்னு இருந்தா அந்த நாலு பங்கே மீனை மூடிடும். அதனால ரூம் லைட்டு எல்லாத்தையும் அணைச்சு, டிவியை அணைச்சு, கர்ட்டனை இழுத்து விட்டுட்டு தொட்டி லைட்டை மட்டும் எரிய விடுங்க. ராத்திரி ஏழு மணிக்கு மேல எடுத்தா ஜன்னல் தொல்லையும் இல்ல. எதிர்ல பூஜை ரூம்ல ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு எரிஞ்சிட்டிருந்தா அதுகூட எங்கயாவது ஒரு படத்துல மீன் வயித்துல பொட்டா வந்து உக்காந்திருக்கும், அந்த கதவையும் சாத்திடுங்க.

அப்புறம் டிரெஸ். தொட்டி வெளிச்சம் உங்க மேல பட்டு திரும்ப கண்ணாடிக்கு போகும்ல, அதனால வெளிர் கலர் சுடிதார், வெள்ளை நைட்டி எல்லாம் வேணாம், கருப்போ கருநீலமோ போட்டுக்கங்க. போன் கவரும் கருப்பா இருந்தா நல்லது, பளபளன்னு கோல்டு கலர் கவர் போட்டுட்டு எடுத்தா அந்த கவர்தான் படத்துல தெரியும். போனை கண்ணாடியோட ஒட்டி வெச்சிட்டா நடுவுல வெளிச்சம் புக இடமே கிடையாது, பெரிய தொட்டிக்கு இதைவிட சுலபமான வழி இல்ல. ஆனா மீன் ரொம்ப கிட்ட வந்தா போன் ஃபோகஸ் பிடிக்காம தடவும், அப்ப ஒரு சாண் பின்னாடி வந்து ரெண்டு மடங்கு ஜூம் வெச்சு எடுங்க. பின்னாடி வரும்போது பிரதிபலிப்பும் கூடவே வந்திடும், அதுக்கு ஸ்டேஷனரி கடையில ஒரு கருப்பு சார்ட் வாங்கி நடுவுல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு போனுக்கு முன்னாடி பிடிச்சுக்கங்க. பார்க்க கேவலமா இருக்கும், வேலை செய்யும்.

நேரா நின்னு எடுக்கணும், இது முக்கியம். கண்ணாடிக்கு பக்கவாட்டுல சாய்ஞ்சு எடுத்தீங்கன்னா தண்ணியும் கண்ணாடியும் வெளிச்சத்தை வளைச்சு மீனோட ஓரமெல்லாம் கலர் கலரா பிரிஞ்சு மங்கலாயிடும், எவ்ளோ பெரிய கேமரான்னாலும் இதுக்கு தப்பாது. பிரதிபலிப்பை குறைக்க லென்ஸ்ல மாட்டற போலரைசர் ஃபில்டர் பத்தி கேட்ட ஒரு சிலருக்கும் இதுலயே பதில் இருக்கு: அது கண்ணாடி பிரதிபலிப்பை வெட்டறது 55 டிகிரி பக்கம் சாய்ஞ்சு பார்க்கும்போதுதான், நேரா எடுக்கறப்ப ஒண்ணுமே பண்ணாது, வெளிச்சத்தை மட்டும் பாதிக்கு மேல தின்னுடும்.

எடுக்கறதுக்கு முன்னாடி உள்பக்க பாசியை பழைய ஏடிஎம் கார்டால வழிச்சிடுங்க, வெளிப்பக்கம் ஈரத்துணி, அப்புறம் நியூஸ்பேப்பர். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயை தொட்டி பக்கத்துல அடிக்கவே அடிக்காதீங்க, அம்மோனியா கலந்த ஸ்ப்ரே நிறைய இருக்கு, தண்ணில கலந்தா மீனுக்கு விஷம்.

கேள்வி: மீன் போட்டோ எடுக்க முப்பதாயிரம் ரூபாய்க்குள்ள என்ன கேமரா வாங்கலாம்?
வாசகர், சேலம்

பதில்: தொட்டிக்கு மேல வைக்க இன்னொரு லைட்டு வாங்குங்க. காசு நிறைய மிஞ்சும். அதுக்கப்புறமும் போன் பத்தலைன்னா செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா பாடியும், சின்னதை கிட்டப் போய் பெருசா எடுக்கற 90 எம்எம் அல்லது 100 எம்எம் மேக்ரோ லென்ஸும் தேடுங்க, மீனுக்கு அந்த அளவு லென்ஸ்தான் வசதி.

கேள்வி: கப்பி, ஜீப்ரா டானியோ ரெண்டும் வெச்சிருக்கேன். ஒரு செகண்ட் நிக்க மாட்டேங்குதுங்க. படத்துல எல்லாம் வெறும் கோடாதான் விழுது, கண்ணு எங்க வாலு எங்கன்னே தெரியல.
வாசகர், ஈரோடு

பதில்: ரூமை இருட்டாக்கினதும் போன் தானா என்ன பண்ணும்னா, வெளிச்சம் பத்தலன்னு நைட் மோடுக்கு போயிடும், அதுல நாலஞ்சு படத்தை எடுத்து ஒண்ணா ஒட்டும், அதுக்குள்ள உங்க டானியோ தொட்டியோட அந்த கோடிக்கு போயிருக்கும். முதல்ல நைட் மோடையும், அதே மாதிரி படங்களை ஒட்டற எச்டிஆரையும் ஆஃப் பண்ணுங்க. ப்ரோ மோடு இருந்தா அதுல ஷட்டர் ஸ்பீடை 1/125க்கு, அதாவது ஒரு செகண்டுல 125ல ஒரு பங்குக்கு வைங்க, அது ஏஞ்சல், கௌராமி மாதிரி மெதுவா மிதக்கறதுக்கு போதும், கப்பிக்கு 1/250, டானியோவுக்கு அதுக்கும் மேல. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை போன் பெருக்கற அளவு, ஏறும், படத்துல புள்ளி புள்ளியா வரும், வரட்டும். புள்ளி இருந்தாலும் மீன் தெரியுது, கோடா போயிட்டா என்ன இருக்கு சொல்லுங்க? படம் இருட்டடிச்சா தொட்டிக்கு மேல இன்னொரு லைட்டு வைக்கணும், வேற வழியே இல்ல. கண்ணாடி மூடி இருந்தா அது மேல ஒரு எமர்ஜென்சி லைட்டை கவுத்து வெச்சாக்கூட நல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்தது, மீனை துரத்தாதீங்க. மீன் பின்னாடியே போனை நகர்த்திட்டு போனா அது இன்னும் வேகமா ஓடும். கண்ணாடி பக்கமா ஒரு செடியோ கல்லோ பார்த்து அதுல ஃபோகஸை லாக் பண்ணிட்டு, திரையில விரலை அழுத்தி பிடிச்சா லாக் ஆகும், அங்கயே உக்காந்திருங்க. எந்த மீனுக்கும் ஒரு ரூட்டு இருக்கு, கால் மணி நேரம் சும்மா பார்த்தீங்கன்னா எந்த மூலையில திரும்புது, எங்க ஒரு கணம் நிக்குதுன்னு தெரிஞ்சிடும், அந்த திரும்பற இடத்துலதான் வேகம் குறையும், அங்க வரும்போது பர்ஸ்ட்ல, அதாவது தொடர்ச்சியா பல படமா அடிங்க. ஃபைட்டரும் கௌராமியும் மேல வந்து காத்து குடிச்சே ஆகணும், அதுங்களுக்கு செவுள் மட்டும் பத்தாது, அதனால எப்ப மேல வரும்னு ஈசியா கணக்கு பண்ணிடலாம். காத்தை குடிச்சிட்டு கீழ இறங்கறதுக்கு திரும்பும் பாருங்க, அப்ப உடம்பு முழுசா பக்கவாட்டுல நமக்கு நேரா வரும், தலையும் வாலும் ஒரே தூரத்துல இருக்கறதால ரெண்டுமே ஷார்ப்பா கிடைக்கும். இரை போட்டா கண்ணாடி பக்கம் கூட்டமா வரும்தான், ஆனா இரைத்தூள் தண்ணி பூரா பறந்து படத்தை கெடுக்கும். ரெண்டு துணுக்கு போடுங்க, பிடி பிடியா போடாதீங்க.

கேள்வி: புதுசா எல்இடி லைட்டு போட்டேன். கண்ணுக்கு பளிச்னு இருக்கு, ஆனா நீங்க எப்பவும் சொல்ற மாதிரி ஷட்டர் ஸ்பீடு ஏத்தினா படத்துல குறுக்கால கருப்பு பட்டை பட்டையா வருது. போன் ரிப்பேரா?
வாசகர், கோவை

பதில்: போன் நல்லாதான் இருக்கு, லைட்டுதான் மின்னுது. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதுல ஓடுற மலிவான லைட்டு செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியும், கண்ணுக்கு தெரியாது. போன் சென்சார் படத்தை மேல இருந்து கீழ வரி வரியா படிக்கிறதால மங்கின நேரத்துல படிச்ச வரி எல்லாம் கருப்பு பட்டையா விழுது. 1/100ல வெச்சா பட்டை போயிடும், ஏன்னா ஒரு முழு மினுக்கு உள்ள அடங்கிடும், ஆனா வேகமா ஓடுற மீனுக்கு அது பத்தாது, மெதுவான மீனோட நிறுத்திக்கணும். உங்க லைட்டுல டிம்மர் இருக்கான்னு பாருங்க, நிறைய டிம்மர் லைட்டை வேகமா அணைச்சு அணைச்சு போட்டுத்தான் வெளிச்சத்தை குறைக்குது. முழுசா ஏத்தி நூறு சதவீதத்துல வெச்சா பட்டை காணாம போக நல்ல வாய்ப்பு இருக்கு. அப்பவும் போகலன்னா லைட்டோட அடாப்டர் மட்டமானது.

செடி எல்லாம் ஊதாவா விழுதுன்னும் எழுதியிருந்தீங்க. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனை தண்ணிக்குள்ள நட்டு வெச்சு, அது வெள்ளையா தெரியற வரைக்கும் ஒயிட் பேலன்ஸை நகர்த்துங்க, அப்புறம் ஸ்பூனை எடுத்திடுங்க. அவ்ளோதான்.

கேள்வி: ஃபிளாஷ் அடிச்சா மீனுக்கு கண்ணு போயிடும்னு எங்க ஸ்கூல் பசங்க சொல்றாங்க. லேப்ல ஒரு தொட்டி இருக்கு, பசங்க மாத்தி மாத்தி அடிக்கறாங்க. உண்மை என்ன?
பள்ளி ஆசிரியை, விருதுநகர்

பதில்: கண்ணு போகும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல டீச்சர். 2019ல ஆஸ்திரேலியாவோட கர்டின் யுனிவர்சிட்டி ஆளுங்க கடல்குதிரையையும் கடலடியில வாழற வேற சில மீன்களையும் வெச்சு இதையே சோதிச்சு பார்த்தாங்க, ஃபிளாஷ் அடிச்ச கடல்குதிரையோட கண்ணுல சேதம் எதுவும் தெரியல, ஆனா போட்டோவுக்காக மீனை கையால தொட்டு நகர்த்தினா அது ரொம்பவே மிரளுதுன்னு வந்துச்சு. அதனால நீங்க பசங்களை கண்டிக்க வேண்டியது ஃபிளாஷுக்காக இல்ல, கண்ணாடியை தட்டறதுக்கும் தொட்டிக்குள்ள கை விடறதுக்கும்.

அதுக்காக கண்டபடி அடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. மீனுக்கு இமை கிடையாது, முக்கால்வாசி மீனுக்கு நம்ம மாதிரி கண் பாவை சட்டுனு சுருங்கவும் செய்யாது, இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு பழக அதுக்கு ரொம்ப நேரம் ஆகும். லைட்டை அணைச்சு தூங்கிட்டிருக்கற தொட்டியில திடீர்னு ஃபிளாஷ் அடிச்சா தெறிச்சு ஓடி கண்ணாடியில மோதும், மூடி இல்லன்னா வெளிய குதிக்கும். எடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே தொட்டி லைட்டை போட்டுடுங்க, மூடியை மூடுங்க, புதுசா வாங்கிட்டு வந்த மீன், முட்டை போட்டிருக்கற மீன் இதுங்க பக்கம் ஃபிளாஷ் வேணாம்.

இன்னொரு விஷயம், போன்லயே இருக்கற ஃபிளாஷை நேரா அடிச்சா மீனும் நல்லா வராது, கண்ணாடியில ஒரு வெள்ளை வெடிப்பு மட்டும்தான் விழும். ஃபிளாஷ் தொட்டிக்கு மேல இருந்து கீழ பார்க்கணும். தனி ஃபிளாஷும் ட்ரிக்கரும் வெச்சிருக்கறவங்க கண்ணாடி மூடி மேல படுக்க வெச்சு நடுவுல ஒரு ட்ரேசிங் பேப்பர் விரிச்சு, எஃப் 8ல இருந்து எஃப் 11க்குள்ள, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200ன்னு ஆரம்பிச்சு பாருங்க. ரூம் இருட்டா இருக்கறதால படத்துக்கு வர்ற வெளிச்சம் முழுக்க ஃபிளாஷோடதுதான், பவரை குறைச்சு வெச்சா அது ஆயிரத்துல ஒரு செகண்டைவிட கம்மியான நேரம்தான் எரியும், டானியோ என்ன, எதுவா இருந்தாலும் அப்படியே உறைஞ்சு நிக்கும். வயித்துப்பக்கம் கருப்படிச்சா அடியில வெளிர் மணல் போடுங்க, இல்ல பக்கவாட்டுல வெளிய ஒரு வெள்ளை தெர்மோகோல் நிறுத்துங்க.

பசங்களுக்கு சொல்ல ஒரு கதையும் இருக்கு. 1926ல அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் டிரை டோர்டுகாஸ் தீவுகள்ல வில்லியம் லாங்லியும் சார்ல்ஸ் மார்ட்டினும் கடலுக்கடியில முதல் கலர் போட்டோ எடுத்தாங்க, அப்ப ஃபிளாஷ்னா தண்ணி மேல ஒரு மிதவையில மெக்னீசியம் பவுடரை கொட்டி வெடிக்க வைக்கிறது. அவங்க எடுத்தது ஹாக் ஃபிஷ்னு ஒரு மீன், 1927 ஜனவரி நேஷனல் ஜியாக்ரஃபிக்ல வந்துச்சு. அங்கயும் வெளிச்சம் மேல இருந்துதான் பாருங்க.

கேள்வி: அங்கிள், என் நியான் டெட்ரா நீலமா இருந்துச்சு. போட்டோல ஒண்ணுல பச்சையா இருக்கு, ஒண்ணுல நீலமே இல்ல. நைட்டு பார்த்தா மங்கிப்போய் கத்திரிப்பூ கலர்ல இருக்கு. செத்துடுமா?
எட்டாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி

பதில்: சாகாது தம்பி, நல்லா பார்த்திருக்க. அந்த நீலம் சாயம் கிடையாது. தோலுக்குள்ள குவானின்னு ஒரு பொருள் மெல்லிசு தட்டு தட்டா அடுக்கி இருக்கு, வெளிச்சம் அதுல பட்டு திரும்பறப்பதான் நீலம் உண்டாகுது, அதனால நீ பார்க்கற கோணம் மாறினா கலரும் மாறும். இருட்டுல அந்த அடுக்கோட இடைவெளியே மாறிடும், அதான் கத்திரிப்பூ கலர். காலையில லைட்டு போட்டு கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடும். சிவப்பு மட்டும் நிஜ சாயம், பார்க்கற கோணத்தால அது மாறாது. போட்டோவுக்கு லைட்டை தொட்டியோட முன்பக்க ஓரத்துக்கு, அதாவது உன் பக்கமா நகர்த்தி வை, நீலக் கோடு எரியும்.

கேள்வி: ஃபைட்டர் மீன் செட்டையை முழுசா விரிச்சு நிக்கற மாதிரி இன்ஸ்டாகிராம்ல படம் பார்க்கறேன், எனக்கு அது சுருட்டிக்கிட்டேதான் இருக்கு. முகம் பார்க்கற கண்ணாடி காட்டினா விரிக்கும்னு சொல்றாங்க, காட்டலாமா? என்னுது சிவப்பு கலர், போட்டோல ஒரே சிவப்பு திட்டா விழுது.
வாசகர், மதுரை

பதில்: காட்டலாம், ரெண்டு மூணு நிமிஷம், அதுக்கு மேல வேணாம். எதிரி வந்துட்டான்னு நினைச்சுத்தான் விரிக்குது, கண்ணாடியை அப்படியே வெச்சுட்டு போனீங்கன்னா இல்லாத எதிரியோட மல்லுக்கட்டியே சோர்ந்து போகும். அதனால கேமரா, லைட்டு, ஃபோகஸ் எல்லாம் ரெடி பண்ணிட்டு கடைசியா கண்ணாடியை காட்டுங்க, தொட்டியோட பக்கவாட்டு சுவர்ல, அப்பதான் மீன் உங்களுக்கு பக்கவாட்டுல நிக்கும். முதல்ல முதுகு செட்டை தூக்கும், அப்புறம் வால் விரியும், கடைசியா செவுள் மூடி ரெண்டும் திறந்து அடியில இருக்கற கருப்பு சவ்வு வெளிய தள்ளும், அந்த கடைசி கட்டம் ரெண்டு மூணு செகண்டுதான் நிக்கும், ரெடியா இருக்கணும். எடுத்து முடிச்சதும் கண்ணாடியை எடுத்திடுங்க.

சிவப்பு திட்டா விழறது ஏன்னா, போன் மொத்த படத்தோட சராசரி வெளிச்சத்தை பார்த்து கூட்டுது, சுத்தி கருப்பா இருந்தா இன்னும் கூட்டும், அதுல சிவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சு செட்டையில இருக்கற நரம்பு நரம்பான கோடெல்லாம் அழிஞ்சு போகுது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை குறைங்க, மைனஸ் ஒண்ணு பக்கம், படம் கொஞ்சம் இருட்டா இருந்தாலும் பரவால்ல, அப்புறம் ஏத்திக்கலாம்.

நீங்க பார்த்த படங்களோட பாணிக்கு ஒரு பெரிய காரணம் பாங்காக்ல இருக்கற விசாருட் அங்கதவனிச்னு ஒரு போட்டோகிராஃபர், 2015ல ஐபோன் 6எஸ் வந்தப்ப அதுல வால்பேப்பரா ஃபைட்டர் மீன் நீந்துச்சே, அது அவரோட வேலைதான். தாய்லாந்துல ஃபைட்டர் சும்மா கடை மீன் கிடையாது, 2019ல தேசிய நீர்வாழ் உயிரினம்னே அறிவிச்சுட்டாங்க. அந்த மாதிரி பட்டுத்துணி கணக்கா செட்டை தெரியணும்னா தொட்டிக்கு பின்னாடி ட்ரேசிங் பேப்பர் ஒட்டி அதுக்கும் பின்னாடி இருந்து ஒரு லைட்டு அடிங்க. செட்டை மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவி வரும். உடம்பு கருத்து போகாம இருக்க மேலயும் ஒரு லைட்டு வேணும். செடி, கல், எதுவும் இல்லாத சின்ன சதுரத் தொட்டியில, அதே தண்ணியை ஊத்தி எடுக்கணும்.

கேள்வி: உருண்டை பவுல்ல இருக்கற கோல்டு ஃபிஷ்ஷை எப்படி எடுக்கறது?
வாசகி, புதுச்சேரி

பதில்: எடுக்க முடியாது. வளைஞ்ச கண்ணாடி மீனை ஒரு பக்கம் ஊத வைக்கும், ஒரு பக்கம் நசுக்கும். அந்த மீனுக்கே அந்த பவுல் பத்தாது, சதுரத் தொட்டிக்கு மாத்துங்க, ரெண்டு பிரச்சினையும் ஒண்ணா தீரும்.

கேள்வி: கொளத்தூர்ல மீன் கடை வெச்சிருக்கேன் அண்ணே, வாட்சப்லயும் விக்கறேன். தினம் படம் போடணும், நேரம் கிடையாது. கலர் கொஞ்சம் ஏத்தி போட்டா தப்பா?
கடைக்காரர், சென்னை

பதில்: முதல்ல நேரம் மிச்சமாகற வழி சொல்றேன். ஒரு அடி நீளம், அரை அடி உயரம், நாலு விரல் அகலம்னு ஒரு ஒல்லித் தொட்டி பண்ணிக்கங்க, கொளத்தூர்ல தொட்டி ஒட்டறவங்களுக்கா பஞ்சம். முன் கண்ணாடி கீறல் இல்லாம புதுசா இருக்கணும், அதை போட்டோவுக்கு மட்டும் வெச்சுக்கங்க. அகலம் கம்மிங்கறதால மீன் முன்ன பின்ன போக முடியாது, எப்பவும் பக்கவாட்டுல, எப்பவும் ஃபோகஸ்ல இருக்கும். பின்னாடி கருப்பு சார்ட், கருப்பு மோலி மாதிரி மீனுக்கு மட்டும் வெளிர் நீலம். மேல ஒரு லைட்டை நிரந்தரமா மாட்டிடுங்க, போனுக்கு ஒரு ஸ்டாண்டு, செட்டிங்கை மாத்தாம வெச்சிட்டா ஒரு மீனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. மீன் இருந்த அதே தண்ணியை ஊத்துங்க, வலையில பிடிச்சு போட்டதும் கலர் வெளுத்து நிக்கும், கொஞ்ச நேரம் விட்டு எடுங்க.

கலர் ஏத்தறது பத்தி, லைட்டுல மஞ்சள் அடிச்சதை சரி பண்றது திருத்தம். சாச்சுரேஷனை, அதாவது கலரோட அடர்த்தியை இழுத்து ஆரஞ்சு பிளாட்டியை ரத்தச் சிவப்பாக்கறது வேற. பார்சலை பிரிக்கறவன் வெள்ளை லைட்டுல பார்ப்பான், அப்ப வர்ற போன் காலை நீங்கதான் எடுக்கணும். ஊசி போட்டு கலர் ஏத்தின கிளாஸ் ஃபிஷ்ஷை இன்னும் சிலர் விக்கறாங்க, அந்த மீனோட அழகே உள்ள இருக்கற எலும்பு வரைக்கும் தெரியறதுதான், அதுக்கு ஊசி குத்தி ஃப்ளூரசன்ட் கலர் ஏத்தி படம் போடறவங்களை பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வருது. நீங்க அந்த ரகம் இல்லன்னு உங்க கேள்வியிலயே தெரியுது.

கேள்வி: வீட்டில் அரோவானா உள்ளது. செதில் எல்லாம் வெள்ளையாக எரிந்து விடுகிறது, தங்க நிறமே வருவதில்லை.
வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: பெரிய செதில் எல்லாமே சின்னச் சின்ன கண்ணாடிங்க, சின்ன லைட்டை அடிச்சா அந்த லைட்டோட படமே செதில்ல தெரியும். லைட்டை பெருசாக்கணும், அதாவது தொட்டி மேல முழுசா ஒரு வெள்ளை ட்ரேசிங் பேப்பரோ பால் வெள்ளை அக்ரிலிக்கோ வெச்சு அதுக்கும் மேல லைட்டை தூக்குங்க. எக்ஸ்போஷர் குறைச்சே எடுங்க. ஏர் பம்பை நிறுத்தி தண்ணி மேல்மட்டம் அலையில்லாம நின்னதும் கீழ இருந்து லேசா மேல பார்த்து எடுத்தா, மேல்மட்டமே கண்ணாடியாகி மீனோட தலைகீழ் பிம்பமும் சேர்ந்து விழும். தாடை நுனியில இருக்கற ரெண்டு மீசையும் நேரா நிக்கறப்ப அடிங்க, மீசை மடங்கின அரோவானா படம் பார்க்க சகிக்காது.

கேள்வி: செடித் தொட்டி வெச்சிருக்கேன், அக்வாஸ்கேப் போட்டிக்கு அனுப்ப முழுத் தொட்டியும் வர்ற மாதிரி எடுக்கணும். ஓரமெல்லாம் வளையுது, நடு மட்டும் பளிச்னு இருக்கு.
வாசகர், பெங்களூரு

பதில்: வளையறது, நிறைய இடத்தை ஒரே படத்துல அடக்கற வைட் ஆங்கிள் லென்ஸால. பின்னாடி போங்க, ரூம் இடம் கொடுக்கற அளவுக்கு பின்னாடி போய் ஜூம் பண்ணி எடுங்க, ட்ரைபாடு கண்டிப்பா வேணும், லென்ஸ் தொட்டியோட நடு உயரத்துக்கு நேரா இருக்கணும். வெளிச்சம் ரெண்டு ஓரத்துலயும் விழாததுக்கு காரணம் ஒரே லைட்டு நடுவுல இருக்கறது, படத்துக்கு மட்டும் ஓரத்துக்கு ஒண்ணுன்னு கடன் வாங்கியாவது வைங்க. ஹீட்டர், ஃபில்டர் பைப், தெர்மாமீட்டர் எல்லாத்தையும் அந்த நேரத்துக்கு வெளிய எடுத்திடுங்க, ஹீட்டரை அணைச்சு ஆறின பிறகு எடுக்கணும், எடுத்து முடிச்சதும் ஃபில்டரை திரும்ப ஓட விட மறந்துடாதீங்க.

அக்வாஸ்கேப், அதாவது செடியும் கல்லும் வெச்சு தொட்டிக்குள்ள காட்சி அமைக்கற இந்தக் கலையில பெரிய பேர் ஜப்பான்காரர் தகாஷி அமானோ, 1954ல பிறந்து 2015ல காலமானார், அடிப்படையில போட்டோகிராஃபர். தன்னோட தொட்டிகளை சாதாரண ஃபிலிம் ரோல்ல இல்ல, தாள் தாளா பெரிய ஷீட் ஃபிலிம் போடற கேமராவுல எடுப்பார். அவர் கம்பெனி 2001ல இருந்து நடத்தற உலகப் போட்டியில நடுவர்கள் யாரும் தொட்டியை நேர்ல பார்க்கறதே கிடையாது, நீங்க அனுப்பற ஒரே ஒரு படத்தை வெச்சுத்தான் மார்க்கு. தண்ணி மேல அந்த நெளிநெளியான அலை வர்றதுக்கு ஹேர் டிரையரை மேல பிடிச்சு காத்து அடிக்கறது வழக்கம், நீங்க பார்த்திருப்பீங்க. தயவு செஞ்சு தண்ணிக்கு மேல கரண்டு சாமான் வேணாம், ஒரு பிளாஸ்டிக் விசிறி போதும், வீட்டுல ஒருத்தரை வீச சொல்லிட்டு நீங்க டைமர்ல எடுங்க. மீன் கூட்டம் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரே திசையில போற நேரம் வரைக்கும் எடுத்துக்கிட்டே இருக்கணும், அதுக்கு குறுக்கு வழி எனக்கு தெரிஞ்சு இல்ல.

கேள்வி: என் கோல்டு ஃபிஷ்ஷுக்கு வெள்ளைப்புள்ளி நோய்னு நினைச்சு படம் எடுத்து மூணு பேருக்கு அனுப்பினேன், மூணு பேரும் மூணு விதமா மருந்து சொல்றாங்க. எப்படி எடுத்து அனுப்பினா சரியா சொல்வாங்க?
வாசகி, திருச்சி

பதில்: நீங்க அனுப்பின படத்தை பார்த்தேன், நீல லைட்டுல எடுத்திருக்கீங்க, அதுல மீன் கலரே தெரியல, புள்ளி எங்க தெரியும். நோய்க்கு எடுக்கற படம் அழகா இருக்க வேணாம். வெள்ளை லைட்டு, ஃபில்டர் எஃபெக்ட் எதுவும் இல்லாம, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மேல இருந்து ஒண்ணு, செவுளும் செட்டையும் குளோசப்ல, அப்புறம் முழுத் தொட்டி ஒண்ணு, கூடவே ஒரு நிமிஷ வீடியோ, அதுல மீன் மூச்சு விடற வேகமும் உடம்பை எதுலயாவது உரசுதாங்கறதும் தெரியும். தண்ணி மாத்தின உடனே எடுக்காதீங்க, அப்ப குட்டிக் குட்டி காத்துக்குமிழ் உடம்புல ஒட்டியிருக்கும், படத்துல அச்சு அசல் வெள்ளைப்புள்ளியாவே தெரியும்.

உங்க படத்துல தெரியற வரைக்கும் புள்ளி எல்லாம் செவுள் மூடியிலயும் மார்புச் செட்டையோட முன் ஓரத்துலயும் மட்டும் வரிசையா இருக்கு. நோயா இருந்தா உப்பு தூவின மாதிரி உடம்பு, வால்னு கண்ட இடத்துல இருக்கும். கோல்டு ஃபிஷ் ஆணுக்கு இனப்பெருக்க காலத்துல அந்த ரெண்டு இடத்துலதான் சின்ன பரு மாதிரி வெள்ளை முகிழ் வரும், அது தானா போயிடும். அதனால மருந்தை ஊத்தாம, நாளைக்கு பகல்ல வெள்ளை லைட்டு போட்டு செவுள் பக்கம் ஒரு குளோசப்பும் வால் பக்கம் ஒண்ணும் எடுத்து அனுப்புங்க. வால் சுத்தமா இருந்தா ஆண் மீன்னு எழுதி வெச்சுக்கங்க.